சதிக்கதைகள் அமெரிக்கப் பழமைவாத அரசியலின் நடுவீட்டுக்கு எப்படி வந்தன? என் தாய்மாமாவிடம் இதை எப்படிப் பேசுவது?

கேள்வி: சத்துவாச்சாரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். இதைக் குடும்பப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாமல் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் தாய்மாமா நில அளவைத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வேலூர், குடியாத்தம், வாணியம்பாடி வட்டங்களில் அவர் சங்கிலி பிடித்து அளக்காத ஏரிக்கரை இல்லை என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்வார்கள். புலப்படத்தைப் பார்க்காமல், எல்லைக் கல்லைக் கையால் தொட்டுப் பார்க்காமல், யார் சொன்னாலும் எல்லையை ஒப்புக்கொள்ளாத மனிதர். குணத்தால் அவர் பழமைவாதி: கடன் வாங்கக் கூடாது, குடும்பம் கூடி இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பவை அவர் வாழ்ந்து காட்டிய கொள்கைகள். ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது என் தாத்தா அதன் துண்டறிக்கைகளை வீடு வீடாகக் கொடுத்தவர். அந்தப் பற்று மாமாவுக்கும் உண்டு. அவருடைய கருத்துகளோடு நான் முரண்பட்டாலும், அவரோடு வாதிட்டுத்தான் நான் வாதிடவே கற்றுக்கொண்டேன்.

டெக்சாஸில் இருக்கும் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்த பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார். பகல் முழுவதும் அமெரிக்க வலதுசாரிப் பாட்காஸ்ட்கள் ஓடுகின்றன. டிரம்ப் தோற்ற 2020 அதிபர் தேர்தல் திருடப்பட்டது, குழந்தைகளைக் கடத்தும் ஒரு மேல்தட்டுக் கூட்டம் உலகை ஆள்கிறது, தடுப்பூசி மக்கள்தொகையைக் குறைக்கும் திட்டம் என்று சாப்பாட்டு மேசையில் பேசுகிறார். அவருடைய இரத்த அழுத்த மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் பார்த்து அங்கிருந்து வாங்கி வந்த, ஏதோ மூலிகைச் சத்துக் குளிகைப் புட்டி ஒன்று இருக்கிறது. பாதி காலியாகிவிட்டது. மறுத்துப் பேசினால், “நெருப்பில்லாமல் புகையுமா, சொல்” என்கிறார்.

பழமைவாதம் என்பது அவசரப்படாமல், சோதித்துப் பார்த்து, பழையதைக் காப்பது என்றுதான் நான் அவரிடமிருந்து அறிந்தேன். அப்படிப்பட்ட அரசியலுக்குள் இது எப்படி நுழைந்தது? அங்குள்ள தலைவர்கள் இதை நம்புகிறார்களா, பயன்படுத்திக்கொள்கிறார்களா? அவரிடம் நான் எந்த முனையிலிருந்து பேசத் தொடங்க வேண்டும்?

பதில் 1: பாலாற்றங்கரை ஆசிரியர்

அம்மா, நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

அமெரிக்கப் பழமைவாதத்தில் சதிக்கதை புதிதாக நுழைந்ததன்று; வாசற்படியில் அது எப்போதும் நின்றுகொண்டிருந்தது. மிட்டாய்த் தொழிலதிபரான ராபர்ட் வெல்ச் 1958-இல் ஜான் பர்ச் சொசைட்டி என்ற பொதுவுடைமை எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கினார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவரும் இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்தவருமான அதிபர் ஐசனோவரையே அவர் பொதுவுடைமைச் சதியின் கையாள் என்று எழுதினார். அப்போது பழமைவாதிகளின் முதன்மை இதழாக விளங்கிய நேஷனல் ரிவ்யூவின் ஆசிரியர் வில்லியம் பக்லி, 1962-இல் வெல்ச்சைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். தொடக்கத்தில் வெல்ச்சை மட்டுமே கண்டித்து, உறுப்பினர்களைப் பகைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார் என்பதையும், அமைப்பு முழுவதையும் ஒதுக்க அவருக்கு 1965 வரை ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும், தன் பக்கத்தைச் சேர்ந்தவரை நோக்கி “இது பொய், இதோடு எங்களுக்கு உறவில்லை” என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அப்படிச் சொன்னால் கேட்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். என் கணிப்பில் இன்று அங்கே இல்லாமற்போனது அதுதான்.

அது எப்படி இல்லாமற்போனது என்பதற்குச் சில படிகள் உண்டு. சர்ச்சைக்குரிய பொருள்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1987-இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. வலதுசாரிச் செய்தித் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸ் 1996-இல் வந்தது. அதன்பின் யூடியூபும் ஃபேஸ்புக்கும் வந்து, ஒரு நுண்பேசி இருந்தாலே போதும் என்றாயிற்று. இதழாசிரியர் ஒருவர் கதவைச் சாத்தினால் வந்தவர் வெளியே நிற்க வேண்டியிருந்த காலம் போய், கதவே இல்லாத வெட்டவெளி ஆகிவிட்டது.

இதில் பணம் எப்படி ஓடுகிறது என்பதை உங்கள் மாமா வீட்டுப் புட்டியே சொல்கிறது. அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவர் தம் இன்ஃபோவார்ஸ் நிகழ்ச்சியில் அச்சத்தைப் பேசி, அதே நிகழ்ச்சியில் சத்துக் குளிகைகளை விற்றார். கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது நாடகம், அழும் பெற்றோர் நடிகர்கள் என்று ஜோன்ஸ் ஆண்டுக்கணக்கில் பரப்பினார். அதை நம்பியவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைத் தேடிச் சென்று துன்புறுத்தினார்கள். 2022-இல் கனெக்டிகட் நடுவர் குழு மட்டும் 96.5 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. குழந்தையைப் புதைத்த தகப்பனிடம் போய் “உனக்குக் குழந்தையே இல்லை” என்று சொல்ல ஒருவனுக்கு நா எழுந்தது என்றால், அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது எது என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

தலைவர்கள் நம்புகிறார்களா என்று கேட்டீர்கள். ஒரு வழக்கு இதற்குக் கண்ணாடி போல அமைந்தது. 2020 தேர்தலில் டொமினியன் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பேச்சை ஃபாக்ஸ் நியூஸ் ஒளிபரப்பியது. வழக்கில் வெளிவந்த அகச் செய்திகளில், அந்தத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற தொகுப்பாளர்களே அக்கதையைத் தமக்குள் இகழ்ந்து பேசியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பார்வையாளர்கள் நியூஸ்மேக்ஸ் போன்ற போட்டி அலைவரிசைகளுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சமும் அவற்றில் தெரிந்தது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. ஆகவே, தலைவர் மக்களை ஏமாற்றுகிறார் என்ற ஒற்றைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஏமாந்தவர்களைக் கண்டு ஏமாற்றியவர்களே நடுங்கும் நிலை அது.

2025-இல் நடந்ததும் இதையே காட்டுகிறது. சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் வழக்கின் ‘வாடிக்கையாளர் பட்டியல்’ மறைக்கப்பட்டிருக்கிறது என்று பல ஆண்டுகள் பேசி ஆதரவு திரட்டியவர்கள் டிரம்ப்புடன் ஆட்சிக்கு வந்தார்கள். பிப்ரவரி இறுதியில் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்ட சமூக ஊடகப் பிரபலங்களிடம் கோப்புகள் கொடுக்கப்பட்டன. அவர்கள் அவற்றை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை முன்பே வெளிவந்தவை. ஜூலையில் நீதித் துறையும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும், அப்படியொரு பட்டியலே இல்லை என்று அறிவித்தன. பாட்காஸ்டில் இதைப் பேசிப் பெயர் பெற்ற டான் போன்ஜினோதான் அப்போது எஃப்.பி.ஐ.யின் துணை இயக்குநர். ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நவம்பரில் கோப்புகளை வெளியிடும் சட்டத்தைப் பிரதிநிதிகள் அவை 427-க்கு 1 என்று நிறைவேற்றியது. எப்ஸ்டீன் செய்த கொடுமை உண்மை. பாதிக்கப்பட்ட பெண்கள் உண்மை. அந்த உண்மையைக் கதையாக்கி அதன்மேல் ஏறி வந்தவர்கள் புலிவாலைப் பிடித்தவர்களாக நின்றார்கள்.

நம் வேலூர்க் கோட்டையையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 1806 ஜூலை 10 விடியலில் எழுந்த சிப்பாய்களிடையே, தோல் ஒட்டிய புதிய தலைப்பாகை தங்களை மதம் மாற்றும் சூழ்ச்சி என்ற பேச்சு பரவியிருந்தது. நெற்றிக் குறியையும் காதணியையும் தாடியையும் தடுத்த ஆணை உண்மையானது. அந்தப் புண்ணில்தான் பேச்சு வேர் பிடித்தது. மறுபுறம், ஆங்கிலேயரில் ஒரு சாரார் தங்கள் ஆணையின் தவற்றை ஒப்புக்கொள்ள மனமின்றி, எல்லாம் கோட்டையில் இருந்த திப்புவின் மைந்தர்களது சதி என்றார்கள். இறுதியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரேடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். உங்கள் மாமாவிடம் பேசும்போது, எந்தப் புண்ணில் இந்தக் கதை வேர் பிடித்தது என்று முதலில் பாருங்கள்.

பதில் 2: ஆம்பூர்வாசி

ஆசிரியர் ஐயா எழுதியவற்றோடு, இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். நான் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காட்டுக்கு ஏறியபோது, பெட்டியில் அடுக்கி முடித்த சரக்கு கிடங்கிலேயே நின்றது. மேற்புறம் தைக்கும் பெண்கள் நாள்தோறும் காலையில் வாயிலில் நின்று, “இன்றைக்கு வேலை உண்டா, அண்ணா?” என்று என்னிடம் கேட்டார்கள். வரிக்குச் சதிக்கதைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வெளிநாட்டவன் நம்மைச் சூறையாடுகிறான் என்ற பேச்சு நாளும் பொழுதும் கேட்டுப் பழகிய மக்களிடத்தில் அத்தகைய முடிவுக்கு எதிர்ப்பு எழுவது கடினம் என்பது என் எண்ணம்.

சென்னையில் பிறந்து காட்டாங்குளத்தூரில் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணன் 2024 டிசம்பரில் டிரம்ப்பின் வெள்ளை மாளிகைக்குச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவிக்கப்பட்டபோது, லாரா லூமர் என்ற வலதுசாரி இணையப் பிரபலம் அவரைத் தாக்கி எழுதினார். ஓரிரு நாளில் அது வெளிநாட்டு வல்லுநர்களுக்கான எச்1பி வேலை விசாவையும் இந்தியர் அனைவரையும் இழிவுபடுத்தும் பெரும் சண்டையாக வலதுசாரிகளுக்குள்ளேயே வெடித்தது. எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவருடைய பதிவுக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது. உங்கள் மாமா கேட்கும் நிகழ்ச்சிகளின் கீழே அவருடைய மகனைப் போன்றவர்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை அவர் ஒருமுறையாவது படித்திருப்பாரா என்று அறிய விரும்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நம் பகுதியில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியதை யாரும் மறந்திருக்க முடியாது. மே 9 அன்று, பழைய வடார்க்காட்டின் பகுதியான போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதே வாரத்தில் எங்கள் தெருவுக்குப் பெட்ஷீட் விற்க வந்த வடநாட்டு முதியவர் ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவர் தோளில் இருந்த மூட்டையைப் பிடுங்கிப் பிரித்தார்கள். பூப்போட்ட விரிப்புகள் சாக்கடை ஓரத்தில் விழுந்தன. என் அம்மா போய் அவர் கையைப் பிடித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்தார். அம்மாவை அறிந்தவர்கள் என்பதால்தான் கூட்டம் கலைந்தது. அப்போது அதில் எந்தக் கட்சியும் இல்லை, பழமைவாதமும் இல்லை. பிள்ளைகள் மீதுள்ள பாசம் மட்டுமே இருந்தது. அமெரிக்காவிலும் 2016 டிசம்பரில், உணவகம் ஒன்றில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற கதையை நம்பி ஒருவர் துப்பாக்கியோடு வாஷிங்டனுக்கு வந்து உள்ளே சுட்டார். காப்பாற்ற வந்ததாகத்தான் அவரும் நினைத்தார். அங்கே குழந்தைகள் யாரும் அடைக்கப்பட்டிருக்கவில்லை.

பதில் 3: காந்தி நகர், காட்பாடி

நான் கோயிலுக்குப் போகிறவன், கூட்டுக் குடும்பத்தை விரும்புகிறவன், வரி குறைய வேண்டும் என்று நினைப்பவன். என்னைப் போன்றவர்களின் சார்பில் சில மறுப்புகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலாவதாக, அதிகாரத்தில் இருப்பவர்கள் சதி செய்வதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அலபாமாவின் டஸ்கீகி பகுதியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையே அவர்களை ஆய்வுப் பொருளாக வைத்திருந்தது. ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினி பற்றி நியூயார்க் போஸ்ட் 2020 அக்டோபரில் வெளியிட்ட செய்தியைப் பகிரவிடாமல் ட்விட்டர் தடுத்தது. அதில் இருந்த மின்னஞ்சல்களில் பல உண்மையானவை என்று பின்னர் பெரிய நாளிதழ்களே எழுதின. கொரோனா ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்கலாமா என்ற கேள்வியைத் தொடக்கத்தில் பலர் சதிக்கதை என்றே தள்ளினார்கள். இவற்றைப் பார்த்த பழமைவாதி ஒருவர், “இதை மறைத்தவர்கள் வேறு எதையெல்லாம் மறைத்தார்கள்?” என்று கேட்பது அறியாமை ஆகாது. ஆசிரியர் குறிப்பிட்ட கதவைக் காத்தவர்களும் சில நேரங்களில் உண்மையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இரண்டாவதாக, இது ஒரு பக்கத்தின் நோய் மட்டும் அன்று. தடுப்பூசி எதிர்ப்பின் முகமாக விளங்கும் ராபர்ட் கென்னடி ஜூனியர், வாழ்நாளின் பெரும்பகுதியை ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த சுற்றுச்சூழல் வழக்கறிஞராகக் கழித்தவர். 2025 பிப்ரவரியில் சுகாதார அமைச்சரானபோதுதான் அவர் வலதுசாரி அரசில் இடம்பெற்றார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் தரப்பு தவறிய இடத்தையும் நான் மறைக்க மாட்டேன். 2020 தேர்தலை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. தள்ளுபடி செய்த நீதிபதிகளில் டிரம்ப் நியமித்தவர்களும் இருந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் தேர்தல் பொறுப்பில் இருந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர், அரிசோனா அவைத் தலைவர் ரஸ்டி போவர்ஸ், துணை அதிபர் மைக் பென்ஸ் ஆகியோர் குடியரசுக் கட்சிக்காரர்கள், தம் கட்சிக்கே வாக்களித்தவர்கள். தேர்தல் முடிவை மாற்றும்படி அழுத்தம் வந்தபோதும், சட்டம் இடம் தராததைச் செய்ய மறுத்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள்தான் பழமைவாதிகள். ஆனால் போவர்ஸ் அடுத்த உட்கட்சித் தேர்தலில் தோற்றார். பென்ஸ் 2021 ஜனவரி 6 அன்று, தம்மைத் தூக்கிலிடச் சொல்லி முழக்கமிட்ட கூட்டத்திடமிருந்து ஒளிய வேண்டியிருந்தது. முறைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட கட்சி, முறையைக் காத்தவர்களைத் தண்டித்தது. அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

உங்கள் மாமாவிடம் இந்த மூவரைப் பற்றிப் பேசுங்கள். இடதுசாரி ஒருவர் சொல்வதை அவர் கேட்கமாட்டார். தன்னைப் போன்ற ஒருவர் சொன்னதைக் கேட்கலாம்.

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், தோட்டப்பாளையம்

நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் காலமானபோது, எங்கள் வார்டுக்கு வரவேண்டிய பலர் வராமல் நின்றுவிட்டார்கள். அவருடைய இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அரசின் ஆய்வுக் குழு அந்த ஆண்டு அக்டோபரில் கூறியது. ஆறு மாதம் கழித்து வந்த அந்தச் செய்தியை யார் படித்தார்கள்? அப்போது வாதம் செய்து நான் ஒருவரையும் மாற்றியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்கள் எதைக் கேட்டுப் பயந்தீர்கள், யார் சொன்னார்?” என்று கேட்டபோது சிலர் மாறினார்கள்.

அம்மா, உங்கள் மாமா நில அளவையாளர். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் ஒரு செண்டு நிலம் வாங்க அவர் யாரையும் விட்டிருக்க மாட்டார். அந்தப் பார்வையை இதன் மேலும் திருப்பச் சொல்லுங்கள். இந்தப் பேச்சு முதலில் யார் கையில் இருந்தது, யார் கைக்கு மாறியது, இதன் பேரில் யாருக்கு வருமானம் என்று அவரையே அளக்கச் சொல்லுங்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித் துறை தாக்கல் செய்த ஒரு குற்றப்பத்திரிகையில், ரஷ்ய அரசு ஊடக ஊழியர்கள் ஏறத்தாழ 1 கோடி டாலரை டென்னசியிலுள்ள ஒரு நிறுவனத்தின் வழியே செலுத்தி வலதுசாரிக் காணொளிப் பிரபலங்களுக்குச் சம்பளம் கொடுத்ததாகவும், ஒருவருக்கு மாதம் 4 லட்சம் டாலர் பேசப்பட்டதாகவும் கூறப்பட்டிருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குத் தெரியாது என அந்தப் பிரபலங்கள் சொன்னார்கள். பேசுபவருக்கே தன் பேச்சின் வில்லங்கம் தெரியவில்லை.

அந்தக் குளிகைப் புட்டியை மட்டும் தள்ளிப்போடாமல் அவருடைய மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்த அழுத்த மாத்திரையோடு எல்லா மூலிகையும் ஒத்துப்போகாது.

சத்துவாச்சாரி வாசகி (கேள்வி கேட்டவர்)

நால்வருக்கும் என் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி புண்ணைத் தேடினேன். டெக்சாஸில் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, கார் இல்லாமல் எங்கும் போக முடியாத ஊரில் அவர் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். “அந்தப் பையன்கள்தான் என்னோடு பேசினார்கள்” என்றார். பாட்காஸ்ட் நடத்துபவர்களை ‘பையன்கள்’ என்றே சொல்கிறார். ஆறு மாதத்தில் நான் அவருக்கு மூன்று முறைதான் தொலைபேசியில் பேசியிருக்கிறேன்.

பிறகு செவிலியர் அம்மா சொன்ன மூலப்பத்திரப் பேச்சை எடுத்தேன். முதலில் கோபப்பட்டார். மறுநாள் மாலை, பழைய அளவைப் பதிவேடு ஒன்றின் எழுதாத பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, ‘சொன்னவர்’, ‘நாள்’, ‘நேரில் கண்டவர்’ என்று மூன்று பத்திகள் போட்டிருந்தார். பதினோரு வரிகள் எழுதியிருக்கிறார். மூன்றாம் பத்தியில் எட்டு இடம் காலியாக இருக்கிறது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. டஸ்கீகியைத் தனி வரியாக எழுதி, அதற்கு நேரே அழுத்தமாக ஒரு சரிக்குறி போட்டிருக்கிறார். காந்தி நகர் ஐயா அறிந்தால் மகிழ்வார். தேர்தல் வரிக்கு நேரே பென்சிலால் ‘ஜார்ஜியா: மறு எண்ணிக்கை, கையால்?’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது.

ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் மீண்டும் எண்ணினார்கள் என்று நான் சொன்னபோது, எத்தனை பேர், எத்தனை நாள், மேற்பார்வை யார் என்று கேட்டார். அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். புட்டியோடு வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம்.